ஹைஸ்கூல் மியூசிக்கல்: கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும் மூன்று படங்கள்

பிடிக்கும், ஆனால் நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கும் படங்கள் எல்லோரிடமும் சில இருக்கும். என்னிடம் இருப்பவற்றில் முதல் இடம் டிஸ்னியின் 'ஹைஸ்கூல் மியூசிக்கல்' வரிசைக்கு. மூன்று பாகமும்தான். எனக்கு நாற்பத்தாறு வயது. பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். பகல் முழுக்கப் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, ராத்திரி பதினேழு வயதுப் பிள்ளைகள் ஆடிப்பாடும் படத்தையே போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டுக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்? கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இன்னும் இளக்காரம்.

"அம்மா, இது நான் நாலாங்கிளாஸ்ல பாத்த படம்மா."

"அதுக்கென்னடி, நீ ஸ்கூல விட்டுப் போயிட்ட. நான் இன்னும் அங்கதானே இருக்கேன்."

பார்க்காதவர்களுக்காகக் கதை. பெரிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரம், ஈஸ்ட் ஹை என்று ஒரு பள்ளி. டிராய் அந்தப் பள்ளியின் கூடைப்பந்து அணித் தலைவன். கோச் அவனுடைய அப்பாவேதான். கேப்ரியெல்லா புதிதாகச் சேர்ந்த பெண், படிப்பில் புலி. புத்தாண்டு இரவில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் இருவரையும் யாரோ மேடையில் தள்ளிவிட்டுக் கரோக்கே பாட வைக்கிறார்கள். அதிலிருந்து இருவருக்கும் பாட்டு ஆசை பிடித்துக்கொள்கிறது. பள்ளி நாடகத்துக்கு ஆள் தேர்வு நடக்கிறது. பாடப் போவதா வேண்டாமா? இவ்வளவுதான் முதல் படத்தின் தலைபோகிற பிரச்சினை. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதில்லை, யார் வீடும் ஏலத்துக்கு வருவதில்லை. வில்லி என்று ஒருத்தி இருக்கிறாள், ஷார்பே. அவள் செய்யும் உச்சபட்சக் கொடுமை, இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கூடைப்பந்து இறுதிப்போட்டியும் அறிவுப்போட்டியும் நடக்கிற அதே நேரத்துக்கு மாற்ற வைப்பது. பள்ளி நேர அட்டவணை போட்டுப் பழகிய எனக்கு இந்த வில்லத்தனம் மட்டும் உண்மையிலேயே பயத்தைத் தரும் என்பது வேறு விஷயம்.

2006 ஜனவரியில் அமெரிக்காவின் டிஸ்னி சேனலில் வந்த தொலைக்காட்சிப் படம் இது. செலவு சுமார் 42 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் டீச்செலவு. முதல் ஒளிபரப்பிலேயே அங்கு 77 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் வந்த இரண்டாம் பாகத்துக்கு அந்த எண்ணிக்கை 1 கோடியே 72 லட்சமானது. 2008இல் மூன்றாவது நேராகத் தியேட்டருக்கே போய், உலகமெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. முதல் படத்தின் பாட்டு ஆல்பம்தான் 2006இல் அமெரிக்காவில் அதிகம் விற்றது. இத்தனை பேரும் நாலாங்கிளாஸ் பிள்ளைகளாக இருந்திருக்க முடியாது என்பதை மகளுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

சரி, கூச்சம் எதற்கு? வசனத்துக்கு. நடிப்புக்கும்தான். பாட்டு வராத இடங்களில் எல்லோரும் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் நிற்பதுபோல நின்று, மனதில் இருப்பதை ஒப்பிக்கிறார்கள். டிராயின் நண்பன் சாட், கேப்ரியெல்லாவின் தோழி டெய்லர் இருவரும் சேர்ந்து இவர்களைப் பிரிக்கப் போடும் திட்டத்தைப் பார்த்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட நன்றாக யோசிப்பார்கள் என்று தோன்றும். அவனை வாய்க்கு வந்தபடி பேச வைத்து, அதை வெப்கேமராவில் அவளுக்குக் காட்டுகிறார்களாம். அவளும் உடனே நம்பி, ஆளில்லாத நடைபாதையில் தனியே நடந்துகொண்டே ஒரு சோகப்பாட்டு பாடுகிறாள். அந்தப் பாட்டு வரும்போது நான் எழுந்து போய்ப் பால் உறை ஊற்றிவிட்டு வருவேன். ஒன்றும் நஷ்டமில்லை.

ஆனால் இதே படத்தின் சாப்பாட்டுக்கூடப் பாட்டு வரும்போது என்னால் அசைய முடியாது. பள்ளி கேன்டீனில் ஒவ்வொரு மேசையும் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். கூடைப்பந்துப் பையன்கள் ஒன்றில், படிப்பாளிகள் இன்னொன்றில், ஸ்கேட்போர்டுக்காரர்கள் வேறொன்றில். டிராய் பாடப் போன செய்தி பரவியதும், கூடைப்பந்து அணியில் ஒருவன் மெதுவாக எழுந்து, தனக்கும் ஒரு ரகசியம் இருக்கிறது என்கிறான். என்ன? கேக், இனிப்பு எல்லாம் செய்யப் பிடிக்குமாம். மேசையே அதிர்ந்துபோகிறது. அடுத்து படிப்பாளிகள் மேசையில் ஒரு பெண், தனக்கு ஹிப்ஹாப் ஆட்டம் உயிர் என்கிறாள். ஸ்கேட்போர்டு பையன் தான் செல்லோ வாசிப்பதாகச் சொல்கிறான். கூட இருப்பவர்களுக்கு அது என்ன பண்டம் என்றே தெரியவில்லை. ஒருவன் அதற்குத் தனி உடுப்பு போட வேண்டுமா என்று கேட்கிறான். கோட்டும் டையும் என்று பதில் வந்ததும் எல்லோரும் துக்க வீடு மாதிரி ஆகிறார்கள்.

ஒவ்வொருவரும் உண்மையைச் சொன்னவுடன், இருந்த இடத்திலேயே இரு, உனக்கு எதுக்கு இந்த வேலை என்று மொத்தக் கூட்டமும் தட்டுகளை வைத்துக்கொண்டு, மேசை மேல் ஏறி ஆடுகிறது. நன்றாகக் கவனித்தால் தெரியும்: ரகசியத்தைச் சொன்னவர்களை அடக்குகிற பாட்டுதான் படத்திலேயே துள்ளலான பாட்டு. அடக்குகிறவர்கள்தான் அவ்வளவு சந்தோஷமாக ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் கூட்டம் வட்டமாகச் சுருங்குவது, திடீரென்று வரிசையாகப் பிரிவது, ஒரு மேசையின் அசைவை இன்னொரு மேசை வாங்கிக்கொள்வது எல்லாம் வசனகர்த்தா மூன்று பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாதவை. என் வகுப்பில் காமர்ஸ் பிரிவுப் பையன் ஒருவன் நன்றாக மிருதங்கம் வாசிப்பான் என்று அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஏன்டா சொல்லவில்லை என்றால், "பசங்க ஓட்டுவாங்க மிஸ்" என்றான். அவனுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டியிருக்காது.

இதைச் செய்தவர் சும்மா ஆளில்லை. இயக்குநர் கென்னி ஒர்டேகா, 1987இல் வந்த 'டர்ட்டி டான்சிங்' படத்துக்கு நடனம் அமைத்தவர். குழந்தைகள் சேனலுக்கு எடுக்கிற படம்தானே என்று அவர் எங்கும் கையைச் சுருக்கவில்லை. கூடைப்பந்துப் பயிற்சிப் பாட்டில் பந்து தரையில் அடிபடும் சத்தம்தான் தாளம். ஷூ கிறீச்சிடுவதும் அதில் சேர்ந்துகொள்கிறது. பையன்கள் நிஜமாகவே பந்தைத் தட்டிக்கொண்டு, விடாமல், தாளம் தப்பாமல் ஆடுகிறார்கள். அந்த வருடம் நடனத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி கிடைத்தது. சிறந்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கான எம்மியும் வந்தது.

நம் ஊர்ப் படத்தில் பாட்டு வந்தால் நாயகனும் நாயகியும் மலை உச்சிக்கோ பாலைவனத்துக்கோ போய்விடுவார்கள். அதையே பார்த்து வளர்ந்த நமக்கு, திடீரென்று பாடுகிறார்களே என்று இந்தப் படத்தைக் கேலி செய்ய யோக்கியதை கிடையாது. இங்கே பிள்ளைகள் இருக்கிற இடத்தை விட்டு நகர்வதே இல்லை. கேன்டீன், ஜிம், வராண்டா, மொட்டைமாடி. கையில் கிடைத்ததுதான் வாத்தியம்.

இன்னொரு காரணமும் உண்டு. இவர்களில் பலர் உண்மையாகவே அந்த வயதுக்காரர்கள். 2005 கோடையில் படம் எடுத்தபோது டிராயாக நடித்த ஜாக் எஃப்ரானுக்கு 17, கேப்ரியெல்லாவாக நடித்த வனேசா ஹட்ஜென்ஸுக்கு 16. இந்த வகைப் படங்களுக்கெல்லாம் பாட்டியான 'கிரீஸ்' 1978இல் வந்தபோது, அதில் பள்ளி மாணவியாக வரும் ஸ்டாக்கர்ட் சானிங் முப்பது தாண்டியவர். எஃப்ரானின் கண்ணில் தெரியும் பதற்றத்தை நான் தினமும் முதல் பெஞ்சில் பார்க்கிறேன். ஒன்று மட்டும்: முதல் படத்தில் நீங்கள் கேட்பது முழுக்க அவர் குரல் இல்லை. டிரூ சீலி என்ற பாடகரின் குரலைக் கலந்திருக்கிறார்கள். இரண்டாவது படத்திலிருந்துதான் எஃப்ரான் சொந்தக் குரலில் பாடுகிறார். தெரிந்த பிறகு முதல் படத்தைக் கேட்டால், பேசும் குரலிலிருந்து பாடும் குரலுக்குத் தாவும் இடம் பளிச்சென்று காதில் விழும்.

இப்போது எனக்கு மட்டுமே சொந்தம் என்று நான் நினைத்துக்கொள்ளும் காட்சிக்கு வருகிறேன். மொத்தமாக அரை நிமிடம்தான் இருக்கும். கேப்ரியெல்லா வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியை பலகையில் சமன்பாடுகள் எழுதியிருக்கிறார். இரண்டாவது சமன்பாட்டில் எட்டின் கீழ் பை (π) என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அது பதினாறின் கீழ் பை இல்லையா என்று இவள் முணுமுணுக்கிறாள். வாய்ப்பே இல்லை என்கிறார் ஆசிரியை. அப்புறம் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டு, பலகையைத் திருத்துகிறார்.

சாதாரணமாக சினிமாவில் கரும்பலகைக் கணக்கு என்றால் கண்டதையும் கிறுக்கி வைத்திருப்பார்கள். இது அப்படி இல்லை. அங்கே இருப்பது நம் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனின் முடிவிலாத் தொடர், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக எண்களைக் கூட்டிக்கொண்டே போவது. பையின் மதிப்பைக் காணும் வழிகள் பற்றி 1914இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் வருவது. கேப்ரியெல்லா சொல்வதுதான் சரி என்று சரிபார்க்க ராமானுஜனாக இருக்கவும் வேண்டாம். அந்தத் தொடரின் முதல் உறுப்பே 5. எல்லா உறுப்புகளும் மிகை எண்கள், ஆகவே கூட்டினால் 5க்குக் குறையவே குறையாது. எட்டைப் பையால் வகுத்தால் இரண்டரை சொச்சம்தான் வரும்; எப்படிப் பொருந்தும்? பதினாறை வகுத்தால் 5.09296. இந்தப் பக்கம் இரண்டாவது உறுப்பு 47ஐ 512ஆல் வகுத்தது, மூன்றாவது ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். மூன்று உறுப்புகளைக் கூட்டியதுமே 5.09294 வந்துவிடுகிறது. மூன்றே எட்டில் இவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவருடைய தொடர்களின் அழகு.

படம் ராமானுஜன் பெயரைச் சொல்வதில்லை. கதைக்கு அது தேவையும் இல்லை. அந்தப் பெண் புத்திசாலி என்று காட்டினால் போதும், ஏதாவது ஒரு கோணல் எழுத்தைப் போட்டிருந்தாலும் குழந்தைகளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் மெனக்கெட்டு உண்மையான தொடரை எடுத்து, அதில் சரியான இடத்தில் தப்பு வைத்து, அதைச் சரியாகத் திருத்தவும் வைத்திருக்கிறார். கேப்ரியெல்லா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்ததிலும் லாஜிக் இருக்கிறது. முதல் உறுப்பைப் பார்த்தாலே உறுத்தும். முடிவிலாத் தொடர் நடத்தும்போது இந்தக் காட்சியைச் சொல்லத் துடிப்பேன். சொன்னதில்லை. மிஸ் என்ன படம் பார்க்கிறார் என்பது பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அப்புறம் வகுப்பை யார் நடத்துவது?

ஆசிரியர்கள் என்றதும் டார்பஸ் டீச்சரைச் சொல்லாமல் விட முடியாது. நாடக ஆசிரியை. சால்வையும் கையசைப்புமாக எப்போதும் ஒரு மேடையில் இருப்பதாகவே நினைப்பு. வகுப்பில் கைப்பேசி அடித்ததும் ஒவ்வொன்றாகப் பறிமுதல் செய்து, அத்தனை பேருக்கும் தண்டனை கொடுத்து, நாடக அரங்க வேலையில் இறக்கிவிடுவார். 2006இலேயே! நடித்திருப்பவர் அலிசன் ரீட். 1985இல் வந்த 'ஏ கோரஸ் லைன்' படத்தில் முக்கிய வேடத்தில் ஆடியவர். சிறு வயதில் பார்த்தவர்களுக்கு இவர் கோமாளி. என் வயதில் பார்த்தால், அந்தப் பள்ளியில் வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒரே ஆள் இவர்தான் என்று தெரியும்.

இரண்டாவது படம் கோடை விடுமுறை. ஷார்பேயின் பணக்காரக் குடும்பத்துக்குச் சொந்தமான கிளப்பில் எல்லோருக்கும் வேலை கிடைக்கிறது. டிராயைத் தன் பக்கம் இழுக்க அவள் அவனுக்கு மட்டும் பதவி உயர்வு, புதுத் துணிமணி, கல்லூரி உதவித்தொகைக்குச் சிபாரிசு என்று அள்ளிக் கொடுக்க, சமையலறையில் தட்டு கழுவும் நண்பர்களை அவன் மெல்ல மறக்கிறான். மூன்றில் கதை என்று ஏதாவது இருப்பது இதில்தான். காசு உள்ளே வந்ததும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எப்படி விலகுகிறார்கள் என்பதை டிஸ்னி படத்தில் பார்ப்போம் என்று யார் எதிர்பார்த்தார்கள்? பாத்திரங்களையும் கரண்டிகளையும் தட்டிப் பாடும் சமையலறைப் பாட்டு நன்றாக இருக்கும். பேஸ்பால் மைதானத்தில் சாட்டும் ஷார்பேயின் சகோதரன் ரயனும் போட்டி போட்டு ஆடும் பாட்டு அதைவிட நன்றாக இருக்கும். ஆடமாட்டேன் என்று பாடிக்கொண்டே சாட் ஆடித் தீர்க்கிறான்.

ஆனால் எல்லோரும் பேசுவது கோல்ஃப் மைதானப் பாட்டைத்தான். கேப்ரியெல்லா கோபித்துக்கொண்டு போனபிறகு, டிராய் தலை முதல் கால் வரை கறுப்பு உடையில், ஆளில்லாத புல்வெளியில் தனியாக ஓடுகிறான், தாவுகிறான், மணலை வாரி இறைக்கிறான், தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துத் திகைக்கிறான். கோடை வேலையில் ஒரு பதவி உயர்வு வந்ததற்கு இவ்வளவு ஆவேசம். முதல் தடவை பார்க்கிற யாரும் சிரித்துவிடுவார்கள், நானும் சிரிக்கிறேன். எஃப்ரான் மட்டும் சிரிக்கவில்லை. கேமராவைப் பார்த்துக் கண்ணடித்து, எனக்கும் இது அபத்தம் என்று தெரியும் என்று காட்டிக்கொள்ளவே இல்லை. அதனால்தான் பாதிப் பாட்டுக்கு மேல் சிரிப்பு நின்று, கால் தாளம் போட ஆரம்பிக்கிறது. எனக்கு இந்தப் படங்கள் பிடித்ததற்கு முழுக் காரணமும் அதுதான். பதினேழு வயதில் எல்லாமே தலைபோகிற விஷயம். இன்டர்னல் மார்க்கில் அரை மார்க் குறைந்ததற்கு என் முன்னால் நின்று அழுத பையனிடம் இதெல்லாம் ஒரு விஷயமாடா என்று கேட்டுப் பாருங்கள். படம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை; அவனுக்கு ஒரு மைதானத்தைக் கொடுத்து ஆடவிடுகிறது.

வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. நாயகனும் நாயகியும் முதல் முத்தத்துக்கே இரண்டாம் படத்தின் கடைசிவரை காத்திருக்கிறார்கள். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

மூன்றாவது, பள்ளியின் கடைசி வருடம். தியேட்டர் பணம் திரையில் தெரிகிறது. பள்ளி நடைபாதையே சுழன்று, டிராய் சுவரில் ஏறி நடக்கும் பாட்டு ஒன்று. பழைய வண்டிகள் குவிந்த காயலான்கடையில் இரண்டு நண்பர்கள் ஆடும் பாட்டு ஒன்று. மொட்டைமாடியில் கேப்ரியெல்லா டிராய்க்கு வால்ட்ஸ் நடனம் சொல்லித்தருகையில் மழை வருமே, அது மூன்று படங்களிலும் அழகான காட்சி. அதே சமயம், அடுத்த வருடத்துக்கு ஆள் பிடிப்பதுபோலப் புதிதாகச் சில பிள்ளைகளை உள்ளே விட்டிருக்கிறார்கள். ஒருவரும் மனதில் ஒட்டவில்லை. கதையின் முடிவு இன்னும் வேடிக்கை. கேப்ரியெல்லாவுக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. டிராய் பெர்க்லியைத் தேர்ந்தெடுக்கிறான். காரணம், அங்கே நாடகமும் கூடைப்பந்தும் இரண்டுமே இருக்கிறது, அதோடு அவள் இருக்கும் இடத்திலிருந்து 32.7 மைல்தான். கவுன்சலிங் சமயத்தில் நம் ஊர்ப் பிள்ளை ஒன்று இப்படி ஒரு காரணத்தைச் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்; படத்தைவிட அதுதான் விறுவிறுப்பாக இருக்கும்.

இதே ருசியில் வேறு வேண்டுமென்றால், 2008இல் வந்த 'கேம்ப் ராக்' ஒரு தடவைக்குச் சரி. 2013இன் 'டீன் பீச் மூவி' பழைய கடற்கரைப் படங்களைக் கேலி செய்கிறேன் என்று ஆரம்பிப்பது. கேலி செய்ய ஆரம்பித்தாலே எனக்கு ஆர்வம் விட்டுப்போகிறது. ஒர்டேகாவே 2015இல் எடுத்த 'டிசென்டன்ட்ஸ்' உடையலங்காரத்துக்காகப் பார்க்கலாம். 2019இல் தொடங்கி நான்கு சீசன் ஓடிய 'ஹைஸ்கூல் மியூசிக்கல்' வெப்தொடரும் உண்டு; பாடகி ஒலிவியா ரோட்ரிகோ பிரபலமாவதற்கு முன் நடித்தது. அதில் பிள்ளைகளுக்குத் தாங்கள் எந்தப் படத்தின் நிழலில் நிற்கிறோம் என்று நன்றாகவே தெரியும், எனக்கு அந்தத் தெரிதல்தான் தடை. முதல் படம் எடுத்த பள்ளி கதையில் வரும் ஆல்புகர்க்கியில் இல்லை, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. அதன் நிஜப் பெயரும் ஈஸ்ட் ஹைதான். இன்றும் பாடம் நடக்கிற பள்ளி. படம் பார்த்தவர்கள் தேடிப்போய்ச் சுற்றிப் பார்க்கிறார்கள். அங்கே கணக்கு எடுக்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பார்க்கப் போகிறவர்கள் வரிசையாகவே பாருங்கள், ஆனால் ஒரே நாளில் மூன்றும் வேண்டாம், திகட்டிவிடும். முதல் படத்தில் அந்த நடைபாதைச் சோகப்பாட்டைத் தள்ளிவிடலாம். இரண்டாவதை டிவிடியில் வாங்கினால் நீட்டிக்கப்பட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஹவாய் மாநில மீனின் இருபத்தோரு எழுத்து ஆங்கிலப் பெயரை வைத்து ஷார்பே பாடும் பாட்டு அதில்தான் இருக்கிறது. முழுப் பைத்தியக்காரத்தனம், இருந்தாலும் ஷார்பேயாக வரும் ஆஷ்லி டிஸ்டேல் வாங்கின காசுக்கு நடித்திருக்கிறார். மூன்றாவதை மட்டும் கைப்பேசியில் பார்க்காதீர்கள். அந்தச் சுழலும் நடைபாதை ஐந்தங்குலத் திரையில் தலைசுற்றலைத்தான் தரும். பெரிய டிவியில், சத்தத்தைக் கூட்டி வைத்து, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.